தீர்த்தம் ஒத்துக்கொள்ளாத பிராணி

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து திருச்சிப் பெண்கள் கல்லூரி ஒன்றுக்குத் தினமும் பஸ் ஏறிப் போய்வந்த கமலவல்லிக்கு விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. தவளை அறுப்பதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. மாலையில் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். இரு தரப்புக்கும் அது போதுமானதாக இருந்தது.

1963இல் சென்னையிலிருந்து துறைக்கு மூன்று ஆக்ஸலாட்டல்கள் வந்தன. மெக்ஸிகோ ஏரியில் வாழும் பிராணி. பல்லி போன்ற உடம்பு; தலையின் இருபுறமும் சிவப்புக் குஞ்சம்போல வெளியே நீட்டிய செவுள்கள். துறைத்தலைவி அமிர்தம் அவற்றைக் கமலவல்லியிடம் ஒப்படைத்தார். "ஆசாரமான குடும்பம். சுத்தத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

கமலவல்லி அறிந்த சுத்தம் ஒன்றுதான். அட்டெண்டர் மருதையை அனுப்பிக் காவிரித் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, வடிகட்டி, புளிபோட்டுத் துலக்கிய செப்புக் குடத்தில் ஓர் இரவு வைத்திருந்து தொட்டியில் ஊற்றினாள். ஒரே வாரத்தில் செவுள்கள் சுருங்கின. மண்புழுவை மூக்கருகே நீட்டினாலும் அவை வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. நூலகத்துப் புத்தகம் ஒன்றில் ஒற்றை வரி இருந்தது: செம்பு இவற்றுக்கு விஷம்.

"ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கணவன் சேஷு கேட்டான்.

"ஏன்னா, தீர்த்தம் குடுத்தே ஒரு ஜீவனைக் கொன்னுட்டேன்."

அதன்பின் குடத்தைத் தூக்கிப் போட்டாள். வாயகன்ற மண்பானைகளில் குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, குளோரின் மருந்து வாடை போனதும், தொட்டியில் கால் பங்கை மட்டும் மாற்றினாள். தின்னாமல் விட்ட புழுவை உடனே எடுத்தாள். சூடு தணியத் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினாள். தண்ணீர் லேசாக மஞ்சளித்தது, கண்ணாடியில் பாசி படிந்தது, செவுள்கள் மறுபடி சிவந்து விரிந்தன. அமிர்தத்துக்கு மட்டும் அந்தத் தொட்டியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கல்லூரியைப் பார்வையிடப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரும் நாளன்று கமலவல்லி வருவதற்குள் மருதை வேலையை முடித்திருந்தார். தொட்டி வைரமாக மின்னியது. பிராணிகள் இரண்டும் மேலே வந்து காற்றுக்குத் தவித்தன.

"என்ன பண்ணினீங்க, மருதை?"

"அமிர்தம் அம்மா சொன்னாங்கம்மா. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, குழாய்த் தண்ணி புதுசா ரொப்பிட்டேன்."

கமலவல்லி இரண்டையும் வலையில் அள்ளி, மேஜைக்கடியில் இருந்த பானைத் தண்ணீரில் விட்டுத் தட்டால் மூடினாள். அப்போதே குழு உள்ளே நுழைந்தது.

"பிராணி எங்கே?" என்று குழுத் தலைவர் தொட்டிமுன் குனிந்தார்.

"கல்லுக்குப் பின்னால இருக்குங்க. கூச்ச சுபாவம்," என்றார் அமிர்தம், முகம் மாறாமல்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆமாமா, வால் தெரியுது. நல்ல ஆரோக்கியமா இருக்கு."

தண்ணீர்ப் பராமரிப்பு முன்மாதிரியானது என்று அறிக்கை வந்தது. அந்தத் தரம் குறையக் கூடாது என்று அமிர்தம் உத்தரவிட்டதால், மருதை வாராவாரம் வெறும் தொட்டியைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்பினார். பிராணிகள் மேஜைக்கடிப் பானையிலேயே இருந்தன; மண்பானையின் குளிர்ச்சி பிடித்துப்போய், தை மாதம் அவற்றில் ஒன்று முட்டையிட்டது. கமலவல்லி யாருக்கும் சொல்லாமல் இன்னும் நான்கு பானைகள் வாங்கி வந்தாள்.