உப்புக்காற்றில் நின்ற என் மகோகனி வரிசை

எண்ணூர் ஆலையில் நானும் லூர்துவும் தற்காலிகத் தோட்ட வேலைக்காரர்கள். கலப்பின மகோகனிக் கன்றுகளை ஆளுக்கொரு வரிசை நட்டோம். நன்றாக வளர்ப்பவனுக்கு நிரந்தர வேலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளி முடித்தவன் நான். வேலை எனக்குத்தான் என்றிருந்தேன்.

கடல் பக்கம் இருந்த என் கன்றுகள் கருகின. பின்வரிசையில் அவனுடையவை மார்பளவு வளர்ந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னா மாமு, மொறச்சிகினே கீற? செடிக்குக் கண்ணு பட்டுடப் போவுது!" என்று சிரிப்பான்.

மேலாளர் வந்து அவனைப் பாராட்டினார். லூர்து தலையைச் சொறிந்தான்.

"சார், இவன் செடிங்க முன்னால நின்னு உப்புக்காத்த வாங்கிகினு கீது. அதான் என்னுது வளந்துச்சு."

நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வேலை அவனுக்கே கிடைத்தது. பொறாமை முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அவன் மரங்களைக் கடக்கும்போது, அவற்றின் உயரத்தில் என் கன்றுகளையும் பார்க்கிறேன்.