காப்புக் கட்டிய பி.ஆர்.காரன்

போன மாதம் எங்கள் உடப்பு ஊர் எல்லை மதகடியில் ஒரு விமான டிக்கெட் கைமாறியது. கொடுத்தவர் மதகுக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளில். வாங்கியவன் இந்தப் பக்கம், மஞ்சள் வேட்டியோடு, கையை எட்டி நீட்டிக்கொண்டு. ஓர் அடி முன்னால் வைத்தால் என்ன? வைக்க மாட்டான். காப்புக் கட்டியிருக்கிறான். தீ மிதிக்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது.

அவன் என் தம்பி ரவி. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் – எங்கள் வீட்டில் ஒரு காரியம் நேராக நடந்ததாகச் சரித்திரமே இல்லை.

கனடாவில் பி.ஆர். என்ற நிரந்தர வதிவுரிமை கிடைத்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தான். கிடைத்தது. இரண்டு வருடம் அங்கே வேலை செய்தான். பிறகு நேர்த்தியைத் தீர்க்க, மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு, ‘ஒரு மாதத்தில வாறன்’ என்று வந்தான்.

வந்த வருடம் சித்தப்பா செத்தார் – துடக்கு. கோயிலுக்குள்ளேயே போக முடியாது. சரி, நேர்ந்ததை முடிக்காமல் திரும்புவதில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஆலங்குடாக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்குக் கபானாக் குடில்கள் நடத்தினான். அடுத்த வருடம் அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தது – அதுவும் துடக்கு. மூன்றாம் வருடம் அவனுக்கே கொப்புளிப்பான். அம்மனே நேரில் வந்துவிட்டாள், கோயிலுக்கு எதற்கு?

நான்காவது திருவிழாவுக்கு ஒரு தடையும் இல்லை. கொடியேறியது. காப்பும் கட்டியாயிற்று. அன்று பின்னேரம் அவன் மனைவி சுதா கனடாவிலிருந்து போன் எடுத்தாள்.

“மச்சாள், பி.ஆர். நிலைக்கிறதெண்டா கடைசி அஞ்சு வருசத்தில ரெண்டு வருசம் இங்க இருந்திருக்கோணும், மூண்டு வருசத்துக்கு மேல வெளிய நிக்கேலாது. உங்கட தம்பி நாள் எண்ணினவரோ?”

எண்ணவில்லை. நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் பார்த்தவன் இதை மட்டும் பார்க்கவில்லை. கலண்டரை இறக்கி அவன் ஒருமுறை, நான் ஒருமுறை எண்ணினோம். தீமிதிப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே அந்த மூன்று வருடக் கெடு முடிகிறது!

“காப்பைக் கழட்டிட்டுப் போடா.”

“விசர்க் கதை கதைக்காதேங்கோ அக்கா. தந்தவளையே ஏமாத்திறதோ?”

“பி.ஆர். போச்செண்டா பிள்ளையோட எப்பிடியடா இருப்பாய்?”

முன்பல் விழுந்த வாயோடு மகள் அனுப்பிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கக் கையும் வந்தது.

தீமிதிப்புக்கு மறுநாள் டிக்கெட். அதைப் புத்தளத்திலிருந்து கொண்டுவந்த ஏஜென்ட் நிஸாம் நானாவிடம் மதகடியிலேயே தம்பி புலம்பினான்: “மூண்டு வருசம் அங்க இல்லையெண்டு உரிமையே போகப்போகுது நானா.”

நிஸாம் நானா சிரித்தார். “முஸ்லிம் சனம் எங்கள மன்னாரால விரட்டி, நாங்க புத்தளம் வந்து முப்பது வருசம் தாண்டிட்டு தம்பி. வீடு, வோட்டு, மவுத்தானா அடக்குற மையவாடி எல்லாம் இங்கதான். இன்னும் அகதிண்டுதான் சொல்றாங்க. எத்தன நாள் இருந்தா ஊராள்ண்டு ஒங்கட கனடாவாவது கணக்குச் சொல்லுதே!”

தம்பி டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

தீ மிதித்தான். மறுநாள் விடிய வேனில் ஏற்றி அனுப்பினோம்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி கேட்டாராம் – ஏன் இவ்வளவு நாள் வெளியே? சித்தப்பா, பிள்ளைப்பேறு, கொப்புளிப்பான், நெருப்பு… தம்பி ஒன்றும் விடாமல் ஒப்பித்திருக்கிறான். “நெருப்பில் நடந்தாயா? காலைக் காட்டு” என்றாராம் அவர்.

காட்டினான். ஒரு கொப்புளம்கூட இல்லை!

ஊரில் அதற்குப் பெயர் பக்தி. அங்கே அதற்குப் பெயர் பொய். நல்லவேளை, நான் போனில் எடுத்து அனுப்பிய வீடியோ அவனிடம் இருந்தது. அதிகாரி இரண்டுமுறை பார்த்து, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டி, “இனி இப்படிச் செய்யாதே” என்று எச்சரித்து உள்ளே விட்டாராம்.

“விட்டிட்டாங்கள் அக்கா!” போனில் அழுதான். பின்னால் மகளின் கூச்சல். நானும் அழுதேன்.

“இனியாவது அங்கயே இருடா.”

“ஓம் அக்கா… ஆனா வரிசையில நிக்கேக்க பயத்தில ஒண்டு நேர்ந்திட்டன்.”

“என்னடா?”

“உள்ள விட்டா அடுத்த வருசமும் வந்து மிதிக்கிறன் எண்டு.”

இதைச் சுதாவிடம் அம்மன்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.