நோயாளிகளுக்கான மன்றாட்டில் ஒரு மாணவி

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் சனிக்கிழமைதோறும் நடக்கும் துணைப்பாட வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். வகுப்புக்கு வராதவர்களில் சிலர் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை என்று தெரிந்ததும், ஜூன் விடுமுறையின் இரண்டாம் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு யார் பொறுப்பு என்பதே அன்றைய பேச்சு. பொறுப்பாளி கிடைப்பதற்கு முன் கறிபஃப் வந்துவிட்டது.

“வீட்லதான் தப்பு,” என்றார் பாடகர் குழுவை நடத்தும் அக்கா. தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பூசையில் மன்றாட்டுகளை வாசிப்பவரும் அவர்தான். துணைப்பாட வகுப்பு அவர் குரலுக்குப் பயந்துதான் ஓடுகிறது.

“ஃபோன்தான்க்கா தப்பு,” என்றார் வகுப்பில் அறிவியல் எடுக்கும் எஞ்சினியர். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவர். தீவின் கிழக்குக் கோடியிலுள்ள பாசிர் ரிஸிலிருந்து வருவதால் எதற்கும் தாமதமாக வருவார், பழியை ரயில்மேல் போடுவார்.

“அந்த ஃபோன்ல நீ இப்ப என்னப்பா பாக்குற?”

“ஸ்கோர்க்கா. ஒரே ஒரு ஓவர்.”

பள்ளிக்கூடம், தேர்வு முறை, பெற்றோரின் ஷிப்ட் வேலை, வாடகை வீடுகளின் சத்தம் என்று பழி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தன் முன்னால் வந்தபோது ஒவ்வொருவரும் அதை அழகாக அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். எனக்கு வழக்கமான ஒரு நோய் உண்டு. எந்த விஷயமானாலும் முதலில் தேதி வேண்டும். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவன் நான். ஓய்வு நேரத்தில் எங்கள் பங்கின் பழைய நடப்புகளைத் தொகுத்து வருகிறேன். வரலாற்று நூல்களில்கூட முதலில் காலவரிசைப் பட்டியலைத்தான் புரட்டுவேன்.

“யார் காரணம்னு அப்புறம் பாப்போம். ஒவ்வொரு பிள்ளையும் எப்பலேர்ந்து வரல?” என்று கேட்டேன்.

“ஆரம்பிச்சிட்டாரு,” என்றார் எஞ்சினியர்.

மூன்று பையன்களின் பெயர்களைச் சொன்னார்கள். நான்காவதாக ஒரு பெண்ணை நான் சொன்னேன். உயர்நிலை நான்கில், அதாவது பத்தாம் வகுப்பில், படிக்கும் கெட்டிக்காரி. இந்த ஆண்டு பள்ளி இறுதிக்கான வழக்கநிலைத் தேர்வு எழுத வேண்டியவள். குவீன்ஸ்டவுனில் என் அடுக்குமாடி புளோக்கிலேயே அம்மாவோடும் சின்னத் தம்பியோடும் இருக்கிறாள். உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்காவுக்குப் பிறகு அவளை வகுப்பில் பார்க்கவே இல்லை.

அக்கா என்னை முறைத்தார். “தம்பி, அது பாவம், சீக்குக்காரப் பிள்ள. அதையும் இதுங்களோட சேக்காதீங்க.”

உண்மைதான். வாராவாரம் நோயாளிகளுக்கான மன்றாட்டில் அவள் பெயரும் வாசிக்கப்பட்டது. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அது பெரிய நோயாகிவிட்டது. வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பலர். அக்கா அவளுக்காக ஒன்பது நாள் முட்டி போட்டு நவநாள் செபமே செய்தார். படிப்பை விட்டவர்கள் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட்டோம்.

அந்த வாரம் புதன்கிழமை, ஃபேரர் பார்க்கில் மளிகை வாங்கிவிட்டு, ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதிக்குள் வெயிலுக்கு ஒதுங்கினேன். பபிள் டீ கடையில் வரிசை. என் முறை வந்ததும் தொப்பி போட்ட ஒரு பெண், “சீனி எவ்ளோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளேதான்.

“அடடா! உடம்பு தேவலையா? லீவு வேலையா?” என்றேன் மகிழ்ச்சியோடு.

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் கோப்பைகளுக்கு மூடி ஒட்டிக்கொண்டிருந்த மலாய்ப் பெண் நான் கேட்டது என்னவென்று என்னிடமே ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டு சிரித்தாள். “இவளுக்கா உடம்பு சரியில்லை? மே மாசம் முழுக்க என் ஷிப்டையும் சேர்த்து இவள்தான் பார்த்தாள்!”

மே மாதம். பள்ளிக்கூடம் நடந்த மாதம். தேதிப் பைத்தியம் ஒருவனிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண்.

“லெஸ் ஷுகர் போடு. பிரேக் எப்போ?” என்றேன்.

நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து பேசினோம். முதலில் அவள் கேட்டது, “அம்மாவ ஏசுவீங்களா அங்கிள்?” என்பதுதான்.

“ஏச மாட்டேன். எப்பலேர்ந்து?”

தம்பிக்குக் கை, கால், வாய் நோய் வந்ததிலிருந்து என்றாள். பாலர் பள்ளியில் அவனை உள்ளே விடவில்லை. கொப்புளம் ஆறும்வரை வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆகவே இவள் பள்ளிக்குப் போகாமல் அவனைப் பார்த்துக்கொண்டாள். திரும்பிப் போனபோது எம்சி, அதாவது மருத்துவச் சான்று, கேட்டிருக்கிறார்கள்.

“டாக்டர் தம்பிக்குத்தானே எம்சி குடுப்பாங்க? எனக்கு எப்டி குடுப்பாங்க? அந்த வாரம் ரெண்டு டெஸ்ட். ரெண்டும் ஸீரோ. கிளாஸ்ல எல்லாரும் பாத்தாங்க. மறுநாள் போகல. அப்புறம் போக முடியல லா.”

“டீச்சர் கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“ஃபார்ம் டீச்சர் வீட்டுக்கே வந்தாங்க. அம்மா வேலையில இருந்தாங்க, நான் கதவ தொறக்கல. சர்ச்சுல யாரோ கேட்டப்ப அம்மா வெக்கப்பட்டுக்கிட்டு எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து ஒரே எண்ணெய் பாட்டில்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. வகுப்புக்குப் பொறுப்பான அந்த ஃபார்ம் டீச்சர் இன்னமும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். காட்டினாள். தேர்வுக்கு அவள் பெயர் பதிவாகியிருக்கிறது, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை வந்துவிட்டால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். வராவிட்டால் இந்த ஆண்டுத் தேர்வு கைவிட்டுப் போய்விடும்.

“அப்ப போயேன்.”

“எப்டி அங்கிள்? போனா ‘என்ன நோயி, எப்டி சரியாச்சு’ன்னு எல்லாரும் கேப்பாங்க. என் கிளாஸ்லயே சர்ச்சு பசங்க ரெண்டு பேரு இருக்காங்க. பொய்னு சொன்னா அம்மா அங்க தலகாட்ட முடியாது. எனக்காக எல்லாரும் முட்டி போட்ருக்காங்க. நான் சீக்காவே இருந்துட்டுப் போறேன்.”

பள்ளிக்கூடம் அவளுக்குக் கதவைத் திறந்துவைத்திருந்தது. நாங்கள்தான் அன்பினால் அதைச் சாத்திவைத்திருந்தோம். அக்காவிடம் சொன்னால் வழி பிறக்கும் என்றேன்; அம்மாவிடம் அவளே பேசினாள். இரண்டு நாள் கழித்து, அக்காவிடம் மட்டும் சொல்லலாம் என்று எனக்கு அனுமதி வந்தது.

அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். “நவநாளு தம்பி! முழு நவநாளு! என் முட்டிக்கு இப்ப யாரு எண்ணெய் தேய்க்கிறது?” கொஞ்சம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒருத்தராச்சும் வீட்டுக்குள்ள போய் அந்தப் பிள்ளைய நேர்ல பாத்தோமா? எண்ணெய வாசல்லயே குடுத்துட்டு வந்துட்டோமே,” என்றார்.

எங்கள் திட்டம் எளிமையானது. சத்தமில்லாமல் அவள் பெயரை நோயாளிகள் மன்றாட்டிலிருந்து எடுத்துவிடுவது. மூன்றாம் ஞாயிறு அக்கா அப்படியே செய்தார். எங்கள் ஜனங்களை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும், ஆனாலும் அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாராவாரம் கேட்ட பெயர் திடீரென்று இல்லை. பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் செய்தி பரவிவிட்டது. எஞ்சினியர் கண்கலங்கி என் கையைப் பிடித்தார்.

“எப்ப சார் அடக்கம்?”

“யாருக்கு?”

“நம்ம பிள்ளைக்குத்தான்.”

பின்னால் இரண்டு பேர் மலர்வளையத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அக்கா மீண்டும் உள்ளே ஓடி, அணைத்த மைக்கைப் போட்டார். கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது.

“எல்லாரும் கேளுங்க. பிள்ள நல்லா இருக்கு. உசுரோட இருக்கு. அதுக்கு ஒரு நோயும் இல்ல, நாமதான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டோம். வீட்டுல கஷ்டம், ஸ்கூலுக்குப் போகல, அவ்ளோதான். லீவு முடிஞ்சி தொறந்ததும் போவுது. யாராவது அதுக்கிட்டயோ அவங்க அம்மாக்கிட்டயோ ஒரு கேள்வி கேட்டீங்கன்னு தெரிஞ்சா, என் பாடகர் குழுவுல உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு இடமில்ல.”

கிறிஸ்துமஸ் கீதபவனியில் தன் பிள்ளை பாடவேண்டும் என்று நினைக்காத பெற்றோர் எங்கள் பங்கில் இல்லை. மலர்வளையத்துக்குச் சேர்த்த பணம் அவரவர் பைக்குத் திரும்பியது. வீட்டில் சும்மா இருக்கும் இரண்டு பெண்கள் தம்பிக்கு அடுத்த முறை காய்ச்சல் வந்தால் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ‘எப்பலேர்ந்து?’ என்ற அதே கேள்வியை மற்ற மூன்று பையன்களின் வீடுகளிலும் கேட்க வேண்டும் என்று எஞ்சினியர் சொன்னார். ஒரு வீட்டுக்கு அன்று மாலையே கிளம்பினார், கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தபோதே. யார் பொறுப்பு என்ற கூட்டத்தின் தொடர்ச்சியை யாரும் கூட்டவில்லை.

அவள் மட்டும் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. போவாயா என்று கேட்டால், “பாப்போம் அங்கிள்” என்பாள். கடைசி ஞாயிறு இரவு அவள் அம்மா எனக்குக் குரல்செய்தி அனுப்பினார். “அண்ணே, நான் அஞ்சரைக்கே கெளம்பணும். காலைல நீங்க பஸ் ஸ்டாப்ல நிக்கிறீங்களா? ஒண்ணும் பேசாதீங்க. சும்மா நில்லுங்க.”

நின்றேன். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. சீருடை போட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பேருந்தில் ஏறிப் போனார்கள். அவளைக் காணவில்லை. இன்னொரு பேருந்தும் போயிற்று. நான் செய்தித்தாளை மடித்தபோது, புளோக்கின் கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவிலிருந்து அவள் வந்தாள். பாவாடை சற்றுக் குட்டையாகிவிட்டிருந்தது, அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். சொன்னபடி நானும் பேசவில்லை.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. ஓட்டுநர் அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து அதே சீருடை போட்ட ஒரு பெண்ணின் குரல் கேட்டது:

“ஏய்! நீ வருவியா மாட்டியா? உன் கேன்டீன் சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டோம் லா!”

அவள் படியில் காலை வைத்தாள்.

“அந்த ஆள நகரச் சொல்லு,” என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனாள்.