கைகழுவும் தொட்டியில் ஊற்றிய பால்

பிள்ளை பிறந்து நாலாம் மாதம் நான் திரும்பவும் கல்லூரிக்குப் போனேன். படித்துக்கொண்டிருந்தது ரெஸ்பிரேட்டரி தெரபி. மூச்சுவிடத் திணறும் நோயாளிகளுக்கு வெண்டிலேட்டர் இணைப்பது, நெஞ்சுச் சளியைக் குழாய் விட்டு எடுப்பது, ஆக்சிஜனைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அந்த வேலையில் சேரும். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கேட்டால் நர்சுக்குப் படிக்கிறாள் என்பார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

கடைசி வருஷத்தில் பாக்கி இருந்தது ஒரு போஸ்டிங் மட்டும்தான். பிறந்தவுடன் மூச்சு சரியாக இல்லாத குழந்தைகளை வைத்துப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்ய வேண்டும். பேறுகாலத்தில் நாட்கள் போய்விட்டதால் இனி ஒரு நாள்கூடக் குறையக்கூடாது, குறைந்தால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடுதான் பரீட்சை என்று கல்லூரி ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். கணவர் நெய்யாற்றின்கரையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். போகிற வழியில் என்னைக் காலையில் பஸ்ஸுக்குக் கொண்டுவிடுவதாகச் சொன்னார். மாமி, அதாவது அவருடைய அம்மா, பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னார்: "நீ போயிட்டு வா மக்கா. இத்தற வருசம் படிச்சது சும்மாவாக்கும்?"

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். போஸ்டிங்கும் முடிய வேண்டும், மகள் தாய்ப்பாலையும் விட்டுவிடக்கூடாது. பகலில் பொடிப்பால், மாலையில் வந்ததும் நான் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். நடந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அது அத்தனை லேசில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. என்னிடம் ஒப்படைத்த குழந்தை என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். மூக்கில் காற்று செலுத்தும் குழாய் இருந்தது. குழாயைச் சரிசெய்தபோது அது அழுதது. சத்தம் பெரிதாக வரவில்லை, வாய் மட்டும் கோணியது. அந்த வாயைப் பார்த்ததும் எனக்குப் பால் சுரந்து உடுப்பின் முன்பக்கம் நனைந்துவிட்டது. கையுறை போட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எங்களுக்குப் பொறுப்பான ஆசிரியை பார்த்துவிட்டார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு.

"மோளே, இவிடத்தெ கொச்சுங்ஙள்க்கு அம்மமாருண்டு. நின்றெ கை மதி."

இங்கே உள்ள குழந்தைகளுக்கு அம்மாக்கள் உண்டு, உன் கை மட்டும் போதும் என்று மலையாளத்தில் சொல்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, நெஞ்சில் இறுக்கமாக ஒரு துணி கட்டிக்கொள்ளும்படியும் சொல்லிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து கட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பிரிவை ஒட்டி அம்மாக்களுக்கு ஓர் அறை இருந்தது. உள்ளே கிடக்கும் குழந்தைகளின் அம்மாக்கள் அங்கே உட்கார்ந்து பம்பில் பால் எடுத்து, குழந்தையின் அடையாளம் ஒட்டி, குளிர்பெட்டியில் வைப்பார்கள். நானும் அங்கே எடுத்துக்கொள்ளலாமா என்று நர்சிடம் கேட்டேன். நோயாளிகளின் அம்மாக்களுக்கு மட்டும்தான், வெளியாள் பால் உள்ளே கலந்துவிடக்கூடாது என்றார். தொற்று பற்றிய பாடத்தில் நானே எழுதிய பதில் அது. என்ன வாதாட முடியும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் பணியாளர் கழிப்பறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு, கைகழுவும் தொட்டியில் கையால் பிழிந்து விடுவேன். குழாயைத் திறந்தால் ஓடிவிடும். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போவேன். சில நாள் சாப்பிடவும் நேரம் இருக்காது.

ஒரு தடவை வீட்டிலிருந்து சிறிய பாத்திரம் கொண்டுபோய், பிழிந்த பாலைப் பனிக்கட்டி வைத்துக் கொண்டுவந்தேன். மாமி அதைத் திறந்து மோந்து பார்த்தார். எத்தனை நோயாளிகள் மூச்சுவிட்ட இடத்திலிருந்து பஸ்ஸில் வந்த பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பு உண்டா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. அன்று பஸ்ஸில் கூட்டம், கைப்பிடிக் கம்பியைத் தொட்ட கையால்தான் பாத்திரத்தைப் பிடித்திருந்தேன். மறுபடியும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கு வேறு மாதிரித் தோன்றும்.

போஸ்டிங்கின் நடுவில் ஒவ்வொரு மாணவியும் அம்மாக்களுக்கு ஒரு பேச்சு கொடுக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. எனக்கு வந்த தலைப்பு, குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்குத் தாய்ப்பால் தரும் பாதுகாப்பு. படம் வரைந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் பேசினேன். நெஞ்சில் துணி இறுகிக்கொண்டிருந்தது. முடித்ததும், குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் என் பேச்சின் இழுப்பைக் கண்டுபிடித்து எங்கள் தமிழிலேயே கேட்டாள்.

"உனக்குப் பிள்ள உண்டா மக்கா?"

"உண்டு. நாலு மாசம் கழிஞ்சுது."

"அது இப்பம் என்ன குடிக்குது?"

பொடிப்பால் என்றேன்.

"செரியாப் போச்சு. எனக்குப் பிள்ள பக்கத்தில உண்டு, பாலு இல்ல. உனக்குப் பாலு உண்டு, பிள்ள பக்கத்தில இல்ல. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு அம்மைக்கு உண்டு."

பக்கத்திலிருந்தவர்களுக்கு அதை மலையாளத்திலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆசிரியையும் சிரித்தார். கேட்கிறவர்களோடு நன்றாகப் பழகுகிறாள் என்று எனக்குக் கூட்டியே மதிப்பெண் போட்டார். அந்தப் பெண் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அவளுடைய குழந்தை அப்போதும் வெண்டிலேட்டரில்தான் இருந்தது. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மதிப்பெண்ணை நினைத்தால்தான் இன்றும் வாய் கசக்கிறது.

ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மகளை வாங்குவேன். முதலில் அவசரமாகக் குடித்தாள். பிறகு குடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். பாட்டிலில் உடனே வருவது என்னிடம் மெதுவாகத்தான் வந்தது. எனக்கும் மதியத்தில் பிழிந்தால் முன்போல வரவில்லை. துணியைத் தளர்த்திப் பார்த்தேன், ஆனால் நனைந்த உடுப்போடு அங்கே நிற்க முடியாது. திரும்பவும் இறுக்கினேன்.

போஸ்டிங் முடிகிற சமயத்தில் ஒரு நாள், மூக்குக் குழாய் எடுத்த ஒரு குழந்தையை முதல் தடவையாக அதன் அம்மாவிடம் பால் குடிக்க விட்டார்கள். ஆக்சிஜன் இறங்குகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் முட்டிக்கொள்ளாமல் நடக்க வேண்டும். நடந்தது. அந்த அம்மா அழுதாள். நான் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை என் மகள் என்னிடம் குடிக்கவில்லை. வாயருகே கொண்டுபோனால் கழுத்தைத் திருப்பிக்கொண்டாள். இடம் மாற்றி உட்கார்ந்தேன், நின்றுகொண்டு பார்த்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தேன். உடம்பை வில்லாக வளைத்து அழுதாள். மாமி வாசலில் வந்து நின்றார்.

"அதுக்கு வேண்டாமெங்கி விடு மக்கா. எதுக்குப் பிள்ளைய வெப்ராளப்படுத்துத?"

பிறகு, பகலில் பாலை எங்கே ஊற்றுகிறாய் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. கைகழுவும் தொட்டியில் என்றேன்.

"கண்டவங்க துப்புற தொட்டியிலயா? தென்னமரத்து மூட்டில ஊத்தணும், கால் மிதி படாத இடத்தில. அதாக்கும் வத்திப்போச்சு."

குழந்தை உறிஞ்சாவிட்டால் சுரப்பு குறையும், இறுக்கிக் கட்டினால் இன்னும் குறையும் என்பதை நான் படித்திருக்கிறேன். மாமிக்கு அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்? புத்தகத்தின்படி பார்த்தாலும் காரணம் நான்தான், மாமியின்படி பார்த்தாலும் நான்தான்.

மாமி பாட்டிலைக் கலக்கிக் கொண்டுவந்தார். நான் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மகள் அழுகையை நிறுத்திக் கடகடவென்று குடித்தாள். அவள் கிடந்தது என் மடியில், பாட்டிலைப் பிடித்திருந்தது நான். அவளுடைய கண்கள் மட்டும் என்னைத் தாண்டி, வாசலில் நின்ற மாமியின் முகத்திலேயே இருந்தன.