ஒரே சொல்லுக்கு நான் சொன்ன இரண்டு அர்த்தம்

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் தெருப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன். உஸ்தாபி என்று கூப்பிடுவார்கள். அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பிடிக்கும்.

ஆண்கள் பெண்களுக்குக் 'கவ்வாமூன்' என்று வரும் வசனத்தை அன்று எடுத்தேன். அதிகாரம் செய்பவர்கள் என்றே எல்லோரும் கேட்டுப் பழகியிருந்தார்கள். நிற்பதுதான் இதன் வேர், துணை நிற்பவர்கள் என்றும் பொருள் கொள்ளலாம் என்றேன்.

வகுப்பு கலைந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வேங்கிக்காலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அண்ணன் இதே வசனத்தைச் சொல்லித்தான் போகக் கூடாது என்றிருந்தார்.

"இத உங்கண்ணன்கிட்ட வந்து சொல்லும்மா. நான் சொன்னா எடுபடாது. நீ ஓதினவ."

"இதுக்கென்ன அண்ணி, வரேன்" என்றேன்.

போனேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் கடையைப் பார்த்துவிட்டு வந்த அலுப்பில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி எனக்கும் தட்டு வைத்தார். நான் வேலைப் பேச்சை எடுத்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லு. கவ்வாமூன்னா என்னா அர்த்தம்?"

குரலில் கோபம்கூட இல்லை. அத்தா வேண்டாம் என்றபோதும் என்னை மதரஸாவுக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர் அவர். வகுப்பில் அருவியாய்க் கொட்டிய நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நிர்வாகம் பண்றவங்கதாண்ணே. பெரியவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க."

பொய் இல்லை. அப்படியும் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சமாதானத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் கூசிப்போகிறேன். அண்ணி எனக்கு ரசம் ஊற்றினார். அந்த வேலைக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டது.

அண்ணி வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சில வாரம் கழித்து, அதே அத்தியாயத்தில் அந்தச் சொல் மறுபடியும் வந்தது. நம்பிக்கை கொண்ட எல்லோரையும் பார்த்து, ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்காமல், நீதிக்காக உறுதியாய் நிற்கச் சொல்கிற இடம். பெற்றவர்களுக்கும் சொந்தத்துக்கும் எதிராகவே ஆனாலும் நிற்க வேண்டும். அன்று ஓதுவது அண்ணியின் முறை. நிதானமாக ஓதி முடித்தார். நான் அர்த்தம் சொல்ல வாயெடுத்தேன்.

"அர்த்தம் வேணாங்க உஸ்தாபி. உச்சரிப்பு சரியா இருக்கானு மட்டும் பாருங்க."

சரியாகத்தான் இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அடுத்தவரை ஓதச் சொன்னேன்.