உண்மைப் பேரும் நட்சத்திரமும்

குடிவரவு அதிகாரிகள் எங்கள் கோயிலுக்குள் புகுந்த மாலையைப் பற்றி, அன்று அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். சப்பாத்தோடு மூலஸ்தானம் வரை வந்தார்கள் என்பார் ஒருவர். ஒருவன் கழற்றிவிட்டுத்தான் வந்தான் என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மை. வயதான அதிகாரி கழற்றவில்லை. இளையவன் கழற்றிவிட்டு ஈரக் காலுறையோடு நின்றான். ஒரு கிழமை கழித்துக் கோயில் சார்பில் வழக்கறிஞர் ஒருவர் வந்து எல்லோரிடமும் வாக்குமூலம் எழுதினார். நான் அர்ச்சனை மேசையில் இருந்தேன், ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய்.

தொண்ணூறுகளில் எங்கள் கோயில் என்பது ஸ்காபரோவில் கார் ரயர் கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். வெள்ளிக்கிழமைகளில் வாசலருகே மேசை போட்டு, அர்ச்சனை செய்பவர்களின் பேரையும் நட்சத்திரத்தையும் எழுதுவது என் வேலை. எனக்கு முன் இருந்தவர் துண்டுக் கடதாசியில் கிறுக்கி ஐயரிடம் கொடுப்பார். எனக்கு அது சரிவராது. நான் ஆசிரியையாக இருந்தவள். கொப்பியில் கோடு கீறி, வடிவான எழுத்தில் எழுதினேன். பெற்ற தாயின் நட்சத்திரம் தெரியாது என்று யாராவது வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேக்கரியில் வேலை செய்த ஒரு தம்பி மனைவியோடு ஒவ்வொரு வெள்ளியும் வருவான். அவளுக்கு அது ஐந்தாம் மாதம். இரத்த அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, பிள்ளை தங்குவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் அவன் மேசைக்குக் குனிந்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய அகதி வழக்குத் தோற்றுவிட்டது, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. மொன்றியலில் இருக்கும் தமையனின் பேரிலும் பத்திரங்களிலும்தான் வாழ்கிறான். அர்ச்சனைக்கும் இதுவரை அந்தப் பேரைத்தான் சொன்னானாம்.

"பேர் மாறினால் பலனும் மாறிப்போகுமோ அக்கா?"

எனக்கு வகுப்பில் நிற்கும் நினைப்பு. "பின்ன? உன்ர பேரைச் சொல்லாமல் உன்ர பிள்ளையைக் கேட்டால் சாமி ஆருக்குக் குடுக்கும்?" என்றேன்.

அவன் உண்மைப் பேரைச் சொன்னான். உத்தரட்டாதி நட்சத்திரம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே ஐயர் மந்திரத்தோடு சொல்லும் பேர் வெளியே கேட்காது, ஆனால் அர்ச்சனை முடிந்து தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். உண்மைப் பேரைச் சபையில் கூப்பிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஐயருக்கு உண்மைப் பேரையும், அதன் பக்கத்தில் 'தட்டுக்கு' என்று போட்டுத் தமையனின் பேரையும் எழுதினேன். எவ்வளவு கெட்டித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பதினொரு வெள்ளிக்கிழமைகள் அப்படியே எழுதினேன்.

குடிவரவு அதிகாரிகள் தீபாராதனை நேரத்தில் வந்தார்கள். பின்கதவில் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். தேடிவந்த ஆட்களின் பட்டியல் ஒன்று கையில் இருந்தது. எங்களை வரிசையில் விட்டு அடையாள அட்டை பார்த்தார்கள். அந்தத் தம்பி தமையனின் அட்டையை நீட்டினான். சகோதரங்கள்தானே, ஒரே முகவெட்டு. போகச் சொல்லிவிட்டார்கள். அவன் வாசலில் குந்திச் சப்பாத்துப் போடத் தொடங்கினான்.

அப்போதுதான் வயதான அதிகாரி என் கொப்பியைத் திறந்தார். நான் பயப்படவில்லை. தமிழ் எழுத்துத்தானே, பார்க்கட்டும் என்றிருந்தேன். அவர் திரும்பி, கூட வந்த மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். எங்கள் ஆள். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். ஒரு கையில் அந்தப் பட்டியல், மறுகையின் விரல் என் எழுத்தின்மேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை மிக மெல்ல ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் மறுபடி அந்த வரிக்குக் குனிந்தார். என்ன என்று அதிகாரி கேட்டார். பட்டியலில் இருந்த உண்மைப் பேரையும், அதன் பக்கத்தில் நான் எழுதியிருந்த தமையனின் பேரையும் அவர் சொல்லிவிட்டார்.

தாளைக் கிழித்திருக்கலாம், எண்ணெயைக் கொட்டியிருக்கலாம், மயங்கி விழுந்ததுபோல் நடித்திருக்கலாம். இதெல்லாம் பிறகு வந்த யோசனைகள். அந்த நேரம் பேனையைப் பிடித்தபடி மரம்போல் இருந்தேன். ஒற்றைச் சப்பாத்தோடு அவனைக் கொண்டுபோனார்கள். தட்டு வரும்வரையாவது பொறுக்கச் சொல்லுங்கோ என்று அவன் மனைவி சுற்றி நின்ற எல்லோரிடமும் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். அன்று வாய் திறக்கவில்லை.

மூன்று கிழமையில் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒருமுறை கதைத்தான், விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து அவள் கோயிலுக்கு வந்தாள். பெண் குழந்தை. மேசையை நோக்கி அவள் நடந்து வந்தபோது, எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்கட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கொப்பியால்தான் அவன் பிடிபட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. பேக்கரியில் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பேரைச் சொன்னாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"அவற்ற உண்மைப் பேரையும் எழுதுங்கோ அக்கா. நீங்கள் சொன்னது சரிதான். உண்மைப் பேரைச் சொல்லிக் கேட்டபடியால்தான் பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. இனி அவரும் வந்திடுவார்."

நான் புதுக் கொப்பியைத் திறந்து எழுதினேன்.