மத்தியானத்துக்குள் சிங்கப்பூர்

அக்காவின் பிரசவத்துக்கென்று சிங்கப்பூர், செம்பவாங்குக்குப் போன அம்மா, ஜப்பான்காரன் வந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. அப்பா ஒரு தடவை பாஸ் வாங்கி லோரியில் கிளம்பினார். மூவார் ஆற்றங்கரையில் காத்துக் கிடந்து, அக்கரை போய், பத்து பகாட் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் லோரி படுத்துவிட்டது. பல நாள் கழித்து, காலெல்லாம் கொப்புளமாக, நடந்தே காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குச் சிங்கப்பூர் என்பது நிலாவுக்குப் பக்கத்து ஊர்.

அண்ணனுக்குப் பக்கத்திலிருந்த பத்து பெரெண்டாம் விமானத் திடலில் ஜப்பான்காரனிடம் இஞ்சின் பார்க்கும் வேலை. ஒரு நாள் வந்து சொன்னான்: "நாளைக்குச் சிங்கப்பூருக்கு என்னையும் பிளேன்ல ஏத்திக்கிட்டுப் போறானுங்க. வழியில இஞ்சின் கோளாறு பண்ணுனா பாக்கணுமாம். செம்பவாங்லதான் எறங்குது."

அப்பா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். அம்மாவப் பாத்துட்டு வா."

மறுநாள் காலை மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தென்னை உச்சிகள் நடுங்க, அந்த பிளேன் தலைக்கு மேல் தெற்கே போனது. சற்றுமுன் என்னிடம் கஞ்சி வாங்கிக் குடித்தவன் அதற்குள் உட்கார்ந்திருக்கிறான்! நம்பவே முடியவில்லை. வாய் பிளந்து நின்றேன். கத்தி கையிலேயே இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது வாசலில் சைக்கிள் சத்தம். அண்ணன்! சட்டைக்குள் எதையோ வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கினான்.

அப்பா அவனை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார். "பாவி, ஓடியா வந்துட்ட? தெரிஞ்சா தலைய வெட்டிருவானுங்கடா! இப்பவே திரும்பிப் போ!"

"அதே பிளேன்ல போய்ட்டு வந்துட்டேம்பா. அம்மா நல்லா இருக்காங்க. அக்கா, புள்ள எல்லாரும்..."

"காலைல போனவன் மத்தியானம் வந்து நிக்கிற. யார்கிட்டடா கதை விடுற?"

அம்மா பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறானே என்று எனக்கும் அவனை அறையத் தோன்றியது. அண்ணன் சட்டைக்குள்ளிருந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். துணி சுற்றிக் கட்டியிருந்தது. அப்பா தொட்டுப் பார்த்தார்.

"உன் வயித்துச் சூடுதானே இது!" என்றபடியே பிரித்தார்.

மரவள்ளிப் புட்டு. உள்ளேயிருந்து மெல்ல ஆவி எழுந்தது. நடுவில் வாசனைக்காக முடிச்சுப் போட்டு வைத்த பண்டான் இலை ஒன்று. புட்டில் பண்டான் போடாதே என்று அப்பா அம்மாவோடு சண்டை போடாத நாளில்லை. அவளும் ஒரு நாளும் போடாமல் விட்டதில்லை.

அந்த வாசனையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய சூடு, அந்த ஆற்றையும் அத்தனை காட்டையும் தாண்டி ஆறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

அப்பா உடனே சாப்பிடவில்லை. கொப்புளத் தழும்பு மறையாத காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, புட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"இவ்வளவு பக்கத்துலயாடா இருந்தா?" என்றார்.